ஆண்ட பரம்பரையும் தோண்டிய பரம்பரையும்

ஊருக்கு ஊர் இப்போது ஆண்ட பரம்பரைதான். பேனரில் வாள் பிடிக்காத சாதி இல்லை. குருபூஜைக்கு ஒரு ராஜா, கல்யாணத்துக்கு ஒரு ராஜா, காதுகுத்துக்குக்கூட ஒரு ராஜா. எல்லாச் சாதியும் ஆண்டதென்றால் ஆளப்பட்டது யார்? ஒருத்தரும் கேட்பதில்லை. சாதி இந்துக்கள் கேட்காததில் வியப்பு எதுவும் இல்லை. நம் இளைஞர்களில் சிலரும் அந்த வரிசையில் போய் நிற்பதுதான் உறுத்துகிறது. 'அண்ணே, நாமளும் ஒரு காலத்துல ராஜாவா இருந்தவங்கதான், ஆதாரம் இருக்கு' என்று படிப்பு வட்டங்களில் தோழர்கள் பேசுகிறார்கள். அவமானத்திலிருந்து பிறக்கிற பேச்சு அது. கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் சிம்மாசனத்தில் பங்கு கேட்பதற்கு முன்னால், அந்தச் சிம்மாசனம் எதன்மேல் நிற்கிறது என்று குனிந்து பார்த்துவிட வேண்டும்.

அதற்கு ஓர் அரண்மனைக்குள் போய்வருவது நல்லது. பாழடைந்த கோட்டை எதுவும் வேண்டாம். அங்கே கற்பனைதான் ஓடும். இருபதாம் நூற்றாண்டில் கட்டி முடித்த, கணக்கு வழக்கு உள்ள, இன்றைக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வரிசையில் நின்று பார்க்கிற மைசூர் அரண்மனைக்கே போவோம். அங்கே நமக்கு உண்மையாகவே ஒரு சம்பந்தம் இருக்கிறது. அது ரத்த சம்பந்தம் இல்லை, வியர்வை சம்பந்தம்.

வங்கி ஊழியர்களுக்கு எல்.எஃப்.சி. என்றொரு சலுகை உண்டு. குடும்பத்தோடு வெளியூர் போய்வந்தால் பயணச் செலவைத் திருப்பித் தருவார்கள். அதில் நானும் போனேன். மனைவி, மகள், எங்கள் கிளையில் வேலை பார்க்கும் இன்னொருவர் குடும்பம்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். தரையைக் காப்பாற்றத்தான். எல்லாச் சாதிக்கும் ஒரே விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தகப்பனுக்குப் பிள்ளையாகப் பிறந்தவன், ராஜா வீட்டு வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றும்போது முதுகில் ஏதோ ஊரத்தான் செய்கிறது. கூட வந்தவருக்கு அப்படி எதுவும் ஊரவில்லை. ஒரே தரை, ஒரே விதி, இரண்டு முதுகு.

உள்ளே அழகுக்குக் குறைவில்லை. 1897-ல் இளவரசி ஜயலக்ஷம்மண்ணியின் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோனது. பட்டத்துக்குரிய மகன் சிறுவன். அவனுக்காக ஆட்சியைக் கவனித்துக்கொண்டிருந்த மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி, புதிதாக ஒன்றைக் கட்டச் சொன்னார். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தில் வேலை செய்த ஹென்றி இர்வின்தான் வரைபடம் போட்டவர். 1912-ல் வேலை முடிந்தது. கல்யாண மண்டபம் எண்கோணக் கூடம். அண்ணாந்தால் மயில்கள் தோகை விரித்த வண்ணக் கண்ணாடிக் கூரை. அதைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோ பட்டறையில் வார்த்துக் கப்பலில் வந்தவை. அம்பா விலாசத்தில் வெள்ளிக் கதவு. வெளியே சாம்பல் நிறக் கருங்கல், அதன்மேல் இளஞ்சிவப்புக் குவிமாடங்கள், 145 அடிக் கோபுரம். அழகை அழகில்லை என்று சாதிப்பது நம் வேலை இல்லை. அதைச் செதுக்கிய கையும் கூலிக்காரன் கைதான்.

கைடு நன்றாகத் தமிழ் பேசினார். செலவைச் சொன்னார்: 41,47,913 ரூபாய். கூட வந்தவர் வாயைப் பிளந்தார். லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு அந்தக் கடைசி 13 ரூபாய்தான் கண்ணில் பட்டது. பதினைந்து வருஷ வேலையில் பதின்மூன்று ரூபாயைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். கல் சுமந்தவன், சுண்ணாம்பு அரைத்தவள், சாரத்திலிருந்து விழுந்தவன் இவர்களில் ஒருவர் பெயரையாவது அங்கே எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

அவ்வளவு பெரிய வீடு, அத்தனை ராணிகள், பணிப்பெண்கள், விருந்தாளிகள். கைடிடம் கேட்டேன்: 'இவ்ளோ பேர் இருந்திருக்காங்களே, கக்கூஸ் எங்க இருந்திச்சி? யார் எடுத்தாங்க?'

கைடு சிரித்தார். 'அதெல்லாம் டூர்ல வராது சார்.'

கூட வந்தவரும் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

டூரில் வராதது எதுவோ அதுதான் நம் வரலாறு. ராஜா உட்கார்ந்த இடத்தைக் காட்டுவார்கள், படுத்த இடத்தைக் காட்டுவார்கள், மல்யுத்தம் பார்த்த இடத்தையும் காட்டுவார்கள். ராஜாவின் மலத்தைச் சுமந்தவர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள், யார் கண்ணிலும் படாமல் எப்படிப் போனார்கள் என்று சொல்லும் அரண்மனை ஒன்று இந்த நாட்டில் இருந்தால் சொல்லுங்கள், எல்.எஃப்.சி. இல்லாமலே போய்ப் பார்க்கிறேன்.

*

எந்தக் கணக்குக்கும் இரண்டு பக்கம் உண்டு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். கைடு பற்றை மட்டும் படித்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார். வரவைப் பார்க்க நாம் மைசூரிலிருந்து கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் போக வேண்டும். கோலார் தங்கவயலுக்கு.

1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சேர்த்தே சுடுகாடாக்கியது. அது ஓய்ந்த கையோடு, 1880-ல், லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது. ஆள் வேண்டும். மேஸ்திரிகள் கிளம்பினார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ச் சேரிகள் காலியாகத் தொடங்கின. பசி மட்டும் துரத்தவில்லை. ஊரில் பண்ணையாளாகக் கிடந்து சாவதைவிடப் பூமிக்குள்ளே போவது மேல் என்று முடிவு செய்து போனவர்களும் அவர்கள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் என்று நம் ஜனங்களின் வாயில் புழங்கும் பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

சமஸ்தானம் சுரங்கத்தில் இறங்கவில்லை. மண்ணைக் குத்தகைக்கு விட்டது. வெட்டிய தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு 5 ராயல்டி மைசூர் கஜானாவுக்கு. லாபம் லண்டன் பங்குதாரர்களுக்கு. கல்தூசி நம் ஆட்களின் நெஞ்சுக்கு. 1905 வாக்கில் தங்க உற்பத்தி உச்சியைத் தொட்டது. அரண்மனை எழும்பிய வருஷங்கள் 1897 முதல் 1912 வரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இந்தத் தூண் அந்தத் தங்கத்தில் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கஜானாவுக்குள் போன ரூபாய்க்கு முகம் கிடையாது. கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியும். குடியானவன் கட்டிய நிலவரியும் அதில் உண்டு, சாராய வரியும் உண்டு. தசராவில் யானைமேல் போகிற, எண்பது கிலோவுக்கு மேல் தங்கம் போர்த்தியது என்று சொல்கிற அம்பாரியும் தங்கவயல் கம்பெனிக்கு முந்தியது. நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த வரவுப் பக்கத்தில் ஒரு பெரிய வரி நம்முடையது. அந்த வரியை அடித்துவிட்டு அந்தக் கணக்கை யாரும் நேர் செய்ய முடியாது.

என் தாத்தா சாம்பியன் ரீஃபில் வேலை செய்தவர். கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கம் அது. கீழே பாறையே சுடும். பாறை வெடித்தால் பிணம் முழுசாக மேலே வராது. ஷிப்ட் முடிந்து ஏறி வந்தால் துணியை உதறிச் சோதனை போடுவார்கள், தங்கத்தைத் திருடிவிட்டானா என்று. 'வெட்டினவன் திருடன், வித்தவன் தொரை' என்று எங்க நைனா இதைச் சொல்லிச் சிரிப்பார். தாத்தா ஊருக்குத் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது இருமல் ஒன்றுதான். சிலிகோசிஸ் என்ற அந்தத் தூசி நோய் இந்தியாவில் முதன்முதலில் மருத்துவப் பதிவில் ஏறியது கோலார் தங்கவயலில்தான், 1934-ல்.

எங்கள் கிளையில் நகைக்கடன் எழுதுவது என் வேலை. அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து எடை சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். 'மைன்சு' குடும்பத்துப் பெண்கள் வருவார்கள். மூன்று தலைமுறை தங்கம் வெட்டிய வீட்டிலிருந்து அரைச் சவரன் கம்மல் அடகுக்கு வரும். வட்டி கட்ட முடியாமல் அதுவும் ஏலத்துக்குப் போகும். தங்கவயலின் 120 வருஷக் கணக்கு சுமார் 800 டன் தங்கம் என்கிறார்கள். ஒரு டன்னுக்கு எத்தனை அரைச் சவரன் என்று வேலை ஓய்ந்த மத்தியானத்தில் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 2,50,000.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரண்மனைக்கு விளக்குப் போடுகிறார்கள். ஏறத்தாழ 97,000 பல்புகள் ஒரே நொடியில் எரியும். கூட்டம் 'ஆ' என்று ஒரே குரலில் சொல்லும். நானும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது.

அந்த வெளிச்சத்துக்கும் வரவுப் பக்கம் ஒன்று உண்டு. காவிரியின் சிவசமுத்திர அருவியில் சமஸ்தானம் 1902-ல் மின்சாரம் எடுத்தது. அது முதலில் எங்கே போனது தெரியுமா? மைசூருக்கு இல்லை, பெங்களூருக்கும் இல்லை. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து நேரே கோலார் தங்கவயலுக்கு. அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்கம்பிப் பாதைகளில் ஒன்று. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-ல். மைசூருக்கு அதற்கும் பிந்தி. தங்கவயலுக்கு முதலில் போனது சரி, அங்கேயும் யாருக்குப் போனது? பாறை உடைக்கும் இயந்திரத்துக்கு. தட்டி வீட்டுக்கு இல்லை. அரண்மனை வெளிச்சத்தின் பூர்வீகம் இருட்டுக்குள் வேலை செய்தவர்களிடம் இருக்கிறது. பல்பைப் பார்த்து 'ஆ' சொல்கிற நமக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பிருந்தாவனப் பூங்காவும் இப்படித்தான். பூவைப் பார்க்கப் போகிறோம், நீரூற்று பாட்டுக்கு ஆடுவதைப் பார்க்கப் போகிறோம். எத்தனையோ தமிழ்ப் படங்களில் காதலர்கள் ஓடிப் பிடித்து விளையாடிய இடம். அது கிருஷ்ணராஜசாகர் அணையின் காலடியில் விரித்த பாய். அணை வேலை 1911-ல் தொடங்கியது. மண்டியாப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் என்பது ஒரு காரணம். தங்கவயல் இயந்திரங்களுக்குத் தட்டாமல் மின்சாரம் என்பது இன்னொன்று. திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில், 1927-லிருந்து 1932-க்குள், ஷாலிமார் தோட்டத்தை மனதில் வைத்துப் படிப்படியாக இறங்கும் இந்தப் பூங்காவைப் போட்டார்கள். அணைக்கு ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்தார்கள். கண்ணம்பாடி உட்பட எத்தனையோ கிராமங்கள் தண்ணீருக்குள் போயின.

கண்ணம்பாடியில் மூழ்கிய வேணுகோபால சுவாமி கோயிலை இந்த நூற்றாண்டில் கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து மேட்டில் திரும்பக் கட்டிவிட்டார்கள். சாமிக்கு மறுகுடியமர்வு கிடைத்தது. அந்த ஊர்களில் சொந்த நிலம் இல்லாமல் கூலிக்கு இருந்தவர்கள் எங்கே போனார்கள்? நிலம் இருந்தால்தானே இழப்பீடு. சேரிக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் இழப்பும் இல்லை. அணைகள் எல்லாம் பேசுகிற கணக்கு இது. நாங்கள் போன அன்று பூப்பாத்திகளில் குந்தியபடி பெண்கள் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபோட்டோ எடுக்கிறவர்கள் அவர்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார்கள். அவர்களும் தள்ளிப் போனார்கள்.

*

'ஏன் சார் எல்லாத்துலயும் குத்தம் பாக்கறீங்க? அவர் நல்ல ராஜா சார். பிற்பட்டவங்களுக்கு ஒதுக்கீடு குடுத்தவர்' என்று திரும்பி வரும்போது கூட வந்தவர் சொன்னார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும்.

நால்வடி கிருஷ்ணராஜ உடையாரை காந்தி ராஜரிஷி என்றார். அவர் ஆட்சியில் பள்ளிகள் வந்தன, மருத்துவமனைகள் வந்தன, பல்கலைக்கழகம் 1916-ல் வந்தது. 1918-ல் மில்லர் குழு. பிறகு 1921-ல் அரசு வேலைகளில் பிராமணரல்லாதாருக்கு இடம் தரும் ஆணை. உண்மைதான். இதை ஏற்க முடியாமல்தான் திவான் விஸ்வேஸ்வரய்யா பதவியை விட்டு விலகினார். 'தகுதி திறமை' என்கிற பாட்டு அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் குழு ராஜாவின் கனவில் வந்ததில்லை. 1917-ல் பிரஜா மித்ர மண்டலி என்று அமைப்பாகத் திரண்டு, மனு எழுதி, வாசலில் போய் நின்று கேட்டார்கள். கேட்டதால் வந்தது. அதிலும் நிலம் வைத்திருந்த சாதிகள் பெரும்பங்கை அள்ளிக்கொண்டன என்பது அடுத்த கதை.

கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் ஏறும், கேட்டவர்கள் பெயர் மறையும். இதுதான் அரண்மனையின் மொழி. 'நல்ல ராஜா' என்கிற சொல்லாடல் உரிமையைத் தயவாக மாற்றிவிடுகிறது. நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்ததும் ஏதோ ஒரு முதலமைச்சரின் இளகிய மனசு என்றுதான் எழுதுவார்கள். நல்ல ராஜாவாகவே இருக்கட்டும். நல்லவன் வீட்டிலும் கணக்குக் கேட்கலாம். கணக்குக் கேட்பது குற்றம் பார்ப்பது ஆகாது.

இனி ஆண்ட பரம்பரைத் தோழர்களிடம் வருகிறேன். அரண்மனையில் நமக்கு இருக்கிற உரிமை வாரிசு உரிமை இல்லை. கூலி பாக்கி வைத்திருக்கிறவன் வீட்டு வாசலில் நிற்பவனுக்கு என்ன உரிமையோ அது. வாரிசு என்று போய் நின்றால் நமக்குக் கீழே ஆளப்பட்ட ஒருவனைக் கற்பனையிலாவது நிறுத்தியாக வேண்டும். சாதி என்பது அந்தப் படிக்கட்டுதான். அதில் ஒரு படி மேலே ஏற்றிக் காட்டுகிற சரித்திரம் நமக்கு எதற்கு?

நம்மிடம் வேறு சரித்திரம் இருக்கிறது. தங்கவயல் கூலிகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ராயப்பேட்டையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்குச் சந்தா கட்டினார்கள். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார்கள். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை நடத்திப் பண்டிதரின் நூல்களை அச்சில் கொண்டுவந்தார்கள். பண்டிதர் 1914-ல் போன பிறகு 'தமிழன்' தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் கையில் மறுபடி வந்தது. 1930-ல் கம்பெனி எல்லாரையும் கைரேகை வைக்கச் சொன்னபோது, எங்கள் விரல் குற்றவாளியின் விரலா என்று ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். அதே தங்கவயலில், எடுப்புக் கக்கூஸ் சுத்தம் செய்த குடும்பத்தில் 1966-ல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக அங்கே அவர் தொடங்கிய போராட்டம் சஃபாய் கர்மசாரி அந்தோலனாக நாடு முழுக்கப் பரவியது. அரண்மனையில் கைடு சிரித்தாரே, அந்தக் கேள்விக்குத் தங்கவயல்தான் பதில் சொன்னது. பெருமைப்பட இவ்வளவு இருக்க, வாடகைக்கு ஒரு கிரீடம் எதற்கு?

இன்றைக்குத் தங்கவயல் எப்படி இருக்கிறது? 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நூறு வருஷம் அரைத்துக் கொட்டிய சயனைடு மண் மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. விடிகாலை இருட்டில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய், ராத்திரி இருட்டில் திரும்புகிறார்கள் பேரப்பிள்ளைகள். தாத்தனுக்கும் சூரியன் இல்லை, பேரனுக்கும் இல்லை. சினிமாக்காரர்களுக்குத் தங்கவயல் கிடைத்துவிட்டது. 2018-ல் வந்த கன்னடப் படத்தில் அது ஒற்றை வீரனின் துப்பாக்கிக் கதை. 2024-ல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்துதான் தோண்டியவன் யார் என்று திரையில் கேட்டது. அரசாங்கப் பலகையில் இன்னும் யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. மைசூர் அரண்மனையில் ராஜாக்களின் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை: இந்தச் சமஸ்தானத்தின் கஜானாவை நிரப்பியவர்களில் கோலார் தங்கவயல் தொழிலாளர்களும் உண்டு, கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும். சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் எங்கே போனது என்று விளக்கு எரிகிற இடத்தில் இரண்டு வரி. தங்கவயலில் தொழிலாளர்களுக்கு ஒரு அருங்காட்சியகம். துரைகளின் பங்களாவையும் கிளப்பையும் காட்டுவதாக இருக்கக் கூடாது, தட்டி வீட்டையும் ஹெட்லைட்டையும் சந்தா ரசீதையும் காட்டுவதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தலைமுறையாகக் குடியிருக்கிற லைன் வீடுகள் அந்தக் குடும்பங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அரண்மனைக்குப் போங்கள், போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போனால் வரவுப் பக்கத்தைக் கேளுங்கள், கைடு சிரித்தாலும் கேளுங்கள். திரும்பி வரும் வழியில் குடியாத்தம், பேரணாம்பட்டு, மாரிக்குப்பம் பக்கம் இறங்குங்கள். சுரங்கத்தில் இறங்கியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், பெண்டுகள் இருக்கிறார்கள். என்ன கூலி, எந்த ஆழம், யார் செத்தது, எந்தக் கூட்டத்துக்குப் போனார்கள், எந்தப் புத்தகம் வாங்கினார்கள் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதுங்கள். பேசும்போது மூச்சு வாங்கும் அவர்களுக்கு. கொஞ்சம் பொறுத்திருந்து கேளுங்கள். என் தாத்தாவிடம் கேட்க யாரும் நோட்டுப் புத்தகத்தோடு வரவில்லை.